பரந்தனில் நின்றபடி நூறு

லொறி குருநாகலில் இருந்து வரும்.
அதன் முதுகில் இரண்டு உருளைகள்.
காரை ஏற்றி, பட்டியால் நாலு பக்கமும் இறுக்கினால்
நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடி
அது பரந்தனிலேயே நிற்கும்.
இவ்வளவுதான் விஷயம் என்றேன்.
மில்கார பொன்னுக்கோன்
வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கி
"நிக்கிறதுக்கு ஏன் தம்பி காசு?" என்றார்.

சீமெந்துக் களம் அவருடையது.
சிறுபோக நெல் காய்ந்து மூட்டையாகி
மழைக்கு முன் மூன்று கிழமை வெறுமனே கிடக்கும்.
அதில் ஒரு ஞாயிறு கேட்டோம். தந்தார்.
ஒரு சொட்டு ஒயில் சிந்தினாலும்
அடுத்த போகத்துச் சோறு மணக்குமாம்,
கழுவித் தரவேணுமாம்.

கொப்பியில் எழுதியிருப்பது:
ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு.
பதினாலு கார் சேர்ந்தால் லொறி வரும்,
பதின்மூன்றுக்கு வராது.
அனிஸ்ரனின் லான்சர், சைலன்சர் இல்லாமல்.
வேழினியின் சன்னி,
முல்லைத்தீவு றோட்டில் மீன்பெட்டி ஏற்றும் அதே சன்னி.
பின்சீற்றைக் கழற்றிவிட்டாள்.
பாரம் குறைக்கத்தான் என்கிறார்கள் பெடியள்.
மணம் போகேல்லை, அதுதான் என்கிறாள் அவள்.
கோகுலவாசன் பேர்: எழுதி, வெட்டி, திரும்ப எழுதி.

அவனுக்குப் பயம்.
ஏழு வருடமாய் நூற்றிப்பத்துக் குதிரை என்று சொல்லிவிட்டான்,
கலியாண வீடுகளில், பெற்றோல் வரிசையில்,
பெண் வீட்டாரிடமும்.
மெஷின் தாளில் அறுபத்தெட்டு என்று அடித்தால்?
"சவாரித் திடலில மாட்டை ஆரும் அளந்தவையோ?
முதல் வந்தது முதல் மாடு."
பகிடிக்குச் சொல்லவில்லை.
காபரேற்றரை மூன்றாம் தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறான்.

பிறகு, சத்தம்.
வேழினிதான் அந்தக் கதையை எடுத்தாள்.
"மூண்டாம் கியரில அடிமட்டம் மிதிச்சா
ஆறாயிரம் சுற்று மட்டும் ஒரே இழுவையா ஏறும்.
ஏறி, இன்னும் ஏறி,
சடாரெண்டு நிக்கும்.
மில்லுக்குப் பின்வீடு ஆற்ற எண்டு தெரியும்தானே."

தெரியும்.
தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது.
எங்களில் நாலு பேருக்குப் பால்பல் விழுந்தது பங்கருக்குள்.

போனோம், நானும் அவளும்.
செவ்வந்தியக்கா தையல் மெஷினை விட்டு எழும்பவில்லை.
மடி நிறையப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்.
சொன்னோம்: ஞாயிறு, காலை ஆறரை தொடக்கம்,
காருக்கு மூன்று தரம், தரத்துக்குப் பதினைந்து வினாடி.
கூவிக்கொண்டு ஏறும்.
கார்தான், அக்கா.

சில்லில் கைவைத்து ஊசியை நிறுத்தினா.
"வாறதுக்கு முதல் வீட்டை ஆளனுப்பி
நேரம் சொல்லிப்போட்டு வாற சத்தம்..."
யோசித்துப் பார்த்தா.
"இதுதான் எனக்கு முதல்."

பிறகு பேரம் பேசினா.
மகன் இரவு வேலை முடித்து வந்து
ஒன்பது மட்டும் படுப்பான், அதுக்கு முதல் கூடாது.
ஒவ்வொரு தரமும் மிதிக்க முன்
ஒருத்தர் வேலியடிக்கு வந்து கை காட்டவேணும்.
அவ தலையாட்டின பிறகுதான்.
அனிஸ்ரனை அனுப்ப வேண்டாம், அவன் சிரிப்பான்.

ஆறரையை வெட்டி ஒன்பது என்று எழுதினேன்.
வெயில் ஏற ஏறக் காற்று மெலியும்,
காருக்கு இரண்டு குதிரையாவது குறையும்.
பதின்மூன்று கார்.
இருபத்தாறு குதிரைகளை
அந்த வேலியோரம் அவிழ்த்துவிட்டோம்.
ஒருவரும் முணுமுணுக்கவில்லை.
கோகுலவாசன் முகம் மட்டும் மலர்ந்தது:
"பாத்தியளோ, வெயிலுக்குக் குறையும்,
எழுதி வையுங்கோ."

எழுதி வைத்தேன்.
பதினாலாவது பேருக்கு இடம் இன்னும் வெறுமை.
பொன்னுக்கோன் பின்னேரம் போனில் கேட்கிறார்,
தன்ர லாண்ட்மாஸ்ரரை ஏத்தேலாதோ என்று.
லசந்தவுக்கு அடித்துக் கேட்கவேணும்.
உருளைக்குச் சிங்களத்தில் என்ன சொல்?
இரண்டு சில்லு வண்டி என்பதைக்
கையைக் காட்டாமல் எப்படிச் சொல்வது?