கடைசிக் கோடு

தாதி பஸ்மினாவுக்குச் சொல் வரவில்லை.
டொக்டர் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனதைக்
கையில் பிடித்தபடி கட்டிலோரம் நின்று
காற்றில் ஒரு துணியை விரித்துக் காட்டினாள்.
"குடலுக்கு மேலால, வயித்துக்கு உள்ளால,
மெல்லிசா ஒரு சீலை மாதிரி, அக்கா.
அதிலதான் தெறிச்சிருக்கு. கடுகு கடுகா."

எனக்குத் தெரியும்.
மடவையைக் கீறினால்
உட்சுவரோடு ஒட்டிக்கிடக்கும் கறுப்புச் சவ்வு.
கத்தியின் முதுகால் வழிக்கவேண்டும்.
விட்டால் குழம்பு கைக்கும்.
பத்தொன்பது வருடம்
சந்தைக்குப் பின்னால் பலகை போட்டு
வழித்தவள் நான்.

"அதைத்தான் வழிக்கப்போறாங்களோ?"
அவள் பேனையை மூடினாள், திறந்தாள்.
"ஓமக்கா. அதேதான்."

போன ஆடியில் ஒரு சாண் குடலை எடுத்தார்கள்.
முடிந்ததென்று நேர்த்திக்கடனும் தீர்த்தோம்.
இப்போது பதினைந்து நாளுக்கொருக்கால்
இங்கேயே, திருகோணமலை ஆஸ்பத்திரியில், மருந்து ஏறுகிறது.
மூன்றாம் தரத்தோடு
ஐஸ் எனக்குப் பகையாயிற்று.
தொட்டால் கெளிறு முள் ஏறினதுபோல்
விரல்நுனியிலிருந்து முழங்கை மட்டும்.
பச்சைத்தண்ணி
தொண்டைக்குள் கண்ணாடித்தூள்.
கோணாமலை தன் காலுறையை என் கையில் மாட்டிவிட்டார்.
அதோடு போய்ப் பலகையில் குந்த
பக்கத்துப் பலகைச் சுபத்திரை
"என்னடி, சந்திப் பொலிஸோ?" என்றாள்.
இரண்டு கிலோ சூரை வெட்டினேன்.
கத்தியை அவளிடமே குடுத்துவிட்டு வந்தேன்.

கொழும்பில் செய்வார்களாம்.
காலையில் திறந்தால் இருட்டினபிறகு மூடுவார்களாம்.
கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் வழித்தெடுத்து
தெரியாததுக்குச் சுடுதண்ணி:
மருந்து கலந்து, நாற்பத்திரண்டு பாகையில்,
ஒன்றரை மணித்தியாலம் வயிற்றுக்குள் ஓடவிட்டு.
திறந்து பார்த்துக் கனக்க இருந்தால்
ஒன்றும் செய்யாமல் தைத்துவிடுவார்கள்.
அதையும் சொன்னாள் பஸ்மினா,
விரித்த சீலையை மடிப்பதுபோல் கைகளை மடித்து.

திறந்தபின் தைத்து மூடிய மீனை
நான் கண்டதில்லை.

கோணாமலை இரவு முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை.
விடிய
பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கின தேர்மோமீட்டரைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கன்னியாவுக்கு பஸ் ஏறிவிட்டார்.
அம்மாவின் முப்பத்தோராம் நாள்
வாளி வாளியாய்த் தலையில் வார்த்த
அதே ஏழு கிணறு.
செத்தவீட்டுக்காரர் போகிற இடத்துக்கு
எனக்காக ஏன் போனீங்கள் என்று
வாய்மட்டும் வந்தது, விழுங்கினேன்.

ஒவ்வொன்றாய் அள்ளி, கோலை விட்டுப் பார்த்தாராம்.
காவல்காரன் ஏசினானாம்.
"ஒரு கிணறும் கடைசிக் கோட்டுக்கு வரேல்லை.
அஞ்சாவது கிட்டமுட்ட வருது.
சேட்டைக் கழட்டி வயித்தில ஊத்திப் பாத்தனான்.
தாங்கலாம்."

சோடாப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார்.
வழியிலேயே ஆறிவிட்டது.

சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.
ஆவி கிளம்ப முந்தி இறக்கி
காலுறையைக் கழற்றிப்
பத்து விரலையும் உள்ளே விட்டேன்.

"கோலைக் கொண்டாங்கோ," என்றேன்,
"எத்தினை எண்டு பாப்பம்."