ஒரு பக்கத் தபால்

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், விடியுமுன்
கட்டிலிலிருந்து காலை இறக்கினேன்.
அறை இடப்பக்கமாக வழுக்கிப் போனது.
மறுபடி அதே இடத்திலிருந்து வழுக்கியது.
மறுபடி.
நான் வலப்பக்கம், அலமாரிமேல் விழுந்தேன்.

ஹெஸ்ஸல் பாத்திரம் கழுவும் வாளியை ஏந்திப் பிடித்தான்.
மூன்று நாள் அந்த நீல வாளியின் அடியைத்தான் பார்த்தேன்.
அதில் உரிக்காமல் விட்ட விலைச்சீட்டும்
ஓடிக்கொண்டே இருந்தது.

லேவார்டன் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர்
பூசணிக்காய் பார்ப்பவர்போல
என் தலையை இரு கையால் பற்றி வெடுக்கென்று திருப்பினார்.
"மூளையில் ஒன்றுமில்லை" என்றார்.
கணக்கு டீச்சர் இதை முன்பே சொல்லியிருக்கிறார்.
வலக்காதின் உள்ளே, சமநிலை நரம்பில் அழற்சி.
ஏதோ வைரஸாக இருக்கலாம்.
எப்போது நுழைந்ததென்று யாருக்கும் தெரியாது.

"சரியாகிவிடுமா?"
"பெரும்பாலும்."

இருபத்திரண்டு வருடம் சைக்கிளில் தபால் கொடுப்பவள் நான்.
பெரும்பாலும் பன்னிரண்டாம் எண் வீட்டில்தான் போட்டேன்
என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

நரம்பு திரும்பலாம், பாதி திரும்பலாம்,
திரும்பாமலும் போகலாம்.
திரும்பாவிட்டாலும் மூளை பழகிக்கொள்ளும்.
படுத்தே கிடந்தால் பழகாது.
சுற்றச் சுற்ற நட, வீப்ரிக் என்றார்கள்.

அப்போது கெர்லோஃபை நினைத்தேன்.
பனியில் சறுக்கி அவர் இடுப்பு முறிந்த குளிர்காலம்
அவருடைய தெருக்களும் என் தலையில் விழுந்தன.
முதல் வாரம் பல் டாக்டரின் பில்
பால் பண்ணைக்குப் போனது.
நாய்கள் என்னை நம்பவில்லை.
மூன்றாம் வாரம் கேட்டுகளின் கொக்கிகள் கைக்குப் பிடிபட்டன.
ஈஸ்டருக்குள் எதையும் யோசிக்காமல் போய்வந்தேன்.
கெர்லோஃப் வேலைக்குத் திரும்பவே இல்லை.
தபாலும் நிற்கவில்லை.

என் வலக்காது இப்போது கெர்லோஃப்.

பயிற்சி கொடுக்கும் ஆல்ட்யே
சுவரில் ஏதாவது ஒட்டச் சொன்னாள்.
ஆள்காட்டிக் குருவி அச்சிட்ட பழைய தபால்தலை ஒன்றை ஒட்டினேன்.
அதிலிருந்து கண்ணை எடுக்காமல்
இல்லை இல்லை என்று தலையாட்ட வேண்டும்.
அப்புறம் ஆமாம் ஆமாம்.
நாளுக்கு ஐந்து தடவை.

குருவி தபால்தலையைவிட்டு எகிறிக் குதித்தது.
நான் சுவரைப் பிடித்துக்கொண்டு
ஆமாம் என்றேன், இல்லை என்றேன்,
வாந்தி எடுத்தேன், வாயைக் கொப்பளித்துவிட்டு
ஆமாம் என்றேன்.

மார்ச்சில் சூப்பர்மார்க்கெட்டில்
இரண்டு பக்கமும் ஜாம் பாட்டில்கள் ஊர்வலம் புறப்பட,
தள்ளுவண்டியை அப்படியே விட்டு வெளியே வந்தேன்.
வாசலில் யாரோ சொன்னார்கள்:
"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்."
நன்றாகத்தான் இருந்தேன்.
பூமிக்குத்தான் உடம்பு சரியில்லை.

ஏப்ரலில் தேறினேன். மே மாதம் ஒரு ஜலதோஷம்,
இரண்டு இரவு தூக்கமில்லை,
பிப்ரவரி திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது.
அழுதேன். ஹெஸ்ஸல் வாளியைத் தேடினான்.
வேண்டாம், இது வேறு தண்ணீர் என்றேன்.

ஜூனில் ஒரு காலை
குருவி தன் சதுரத்துக்குள் அப்படியே நின்றது.
நான் எவ்வளவு மறுத்தாலும் நின்றது.

இப்போது அக்டோபர். கடலணையின்மேல்
எதிர்க்காற்றில், பை நிறையத் தபாலோடு மிதிக்கிறேன்.
தோளுக்குமேல் திரும்பிப் பார்க்கையில்
உலகம் அரை நொடி தாமதமாக வந்து சேர்கிறது;
காத்திருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.
விளக்கில்லாத பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறேன்.
இருட்டில் கால் பாவ இன்னும் நாளாகும்,
அல்லது ஆகாது.
நரம்பு வந்ததா, மூளை சமாளிக்கிறதா என்று
பரிசோதித்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.
தேதி வாங்கவில்லை.

ராத்திரி கண்ணை மூடி முகம் கழுவும்போது மட்டும்
பேசினின் விளிம்பில் ஒரு விரல் வைத்துக்கொள்கிறேன்.
முன்பெல்லாம்
இரண்டு கையும் வேண்டியிருந்தது.