உருகியதற்குப் பத்தி இல்லை

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
பில் போடுகிறவள் நான்.
பதினோரு வருஷமாய் அதே ஜன்னல், அதே கார்பன் வாசனை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எப்போதும்
யாருடையதோ ஒரு ஈரக் கை.
முகம் தெரிய வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும்.
குனிந்ததில்லை.

தை மாதம் பன்னிரண்டு படகு
வேறு கம்பெனிக்குப் போனது.
மாசியில் இன்னும் ஏழு.
மரைக்காயர் பலகை எழுதி மாட்டினார்,
செலவு இரண்டாயிரத்து நானூறு:
"வாடிக்கையாளரே எங்கள் எசமானர்."
ஆணி இறங்கிய இடம் உள்சுவர்.
எசமானரைத் தவிர எல்லோரும் தினமும் படித்தோம்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்.
மூன்று நாள் எங்களைப் பார்த்தார்,
அம்பு அம்பாய்ப் படம் போட்டார்,
ஈரத்தில் ஷூ கெட்டுப்போனதாய்ச் சொன்னார்.
படகுத்துறை நூற்றைம்பது அடி தூரம்.
அங்கே போகவில்லை.

அப்புறம் ஒரு பங்குனி விடிகாலை,
இரண்டு படகுக்கும்
அவற்றின் மேலுள்ள கடனுக்கும் சொந்தக்காரி
அஞ்சலாட்சி
வரிசையில் கிடந்த தன் கட்டி ஒன்றைத்
தூக்கவைத்து
எங்கள் தராசிலேயே போட்டாள்.
நாற்பத்தொன்று.
பில்லில் ஐம்பது, என் கையெழுத்தில்.

"திருடுறீங்கன்னு சொல்லல.
மீதி ஒம்பது எங்கன்னுதான் கேக்குறேன்."

மறுநாள் ஜன்னலை மூடிவிட்டு
ஒரு கட்டியின் பின்னாலேயே நடந்தேன்.
தொட்டியிலிருந்து ஏறும்போது மணி இரண்டே கால்.
ஐம்பதுதான். பொய்யில்லை.
பிறகு அது காத்திருந்தது.
அரவை மிஷினுக்கு தேசிங்கு வரணும்.
தேசிங்குக்கு நெல்லிக்குப்பத்து முதல் பஸ் வரணும்.
நாலு மணி ஷிப்டு என்று எழுதிவைத்தவர்
செத்து எட்டு வருஷம்,
அவர் எழுதிய நேரம் மட்டும்
இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.
அதுவரை கட்டி
தரைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணிக்கே ஆள் வேணும்னா
ஓவர்டைம் எவன் தர்றது?"
மரைக்காயர் பேரேட்டை விரித்தார்.
ஓவர்டைமுக்குப் பத்தி உண்டு.
கரண்டு, அம்மோனியா, உப்பு,
பலகைக்கு அடித்த ஆணிக்குக்கூட உண்டு.
"உருகினதுக்கு எங்க முதலாளி?"
கேட்டுவிட்டு என் குரலை நானே பயந்து பார்த்தேன்.

பத்து ரூபாய் இடித்தால்
ராத்திரி தூங்காத மனுஷன்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினார்.
ஒன்பது கிலோ, முந்நூறு கட்டி, முப்பது நாள்.
பெருக்கிய பேனாவை மூடவில்லை,
வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றாள்.
"எனக்கு ஐஸே வேணாம் பாய்.
வலையில விழுந்த வஞ்சிரம்
ஏலத்துல கண்ணு தெளிவா கெடக்கணும்.
அதத்தான் ஒங்ககிட்ட காசு குடுத்து வாங்குறேன்."
சென்னைக்காரர் படத்தில்
எந்த அம்பும் இதைத் தொடவில்லை.

மாடியில் சாக்கு அடுக்கிய அறையைக் காலி செய்தோம்.
தேசிங்குக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன், ராத்திரி பேட்டா.
முதல் வாரம் தூங்கிப்போய் இரண்டு நாள் கெடுத்தான்.
திட்டினேன், பிறகு அலாரம் வாங்கிக் கொடுத்தேன்.
அதற்குள் தடைக்காலம் வந்துவிட்டது,
அறுபத்தொரு நாள் படகெல்லாம் கரையில்,
யார் எங்கள் பக்கம் என்று தெரியாமல்
காலித் தொட்டியைக் கழுவினோம்.

ஆனியில் திரும்பியது பதினொன்று.
மற்ற எட்டும் அந்தக் கம்பெனியிலேயே.
அங்கே பாக்கி வைத்திருக்கிறார்கள்,
கடன், ஐஸைவிட மெதுவாகத்தான் உருகும்.

பேரேட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து
புதுப் பத்தி போட்டிருக்கிறேன்.
பேனாவால் போட மரைக்காயர் இன்னும் விடவில்லை.

நேற்றும் தராசில் ஒரு கட்டி ஏறியது.
நாற்பத்தெட்டு.
ஜன்னலுக்குள் நீண்டது அதே ஈரக் கை, பில்லைத் தட்டியது.
"ரெண்டு எங்க?"

பதில் சொல்லக் குனிந்தேன்.