தாழ்ப்பாள்

மாநகராட்சி கட்டிய கழிப்பறைக்கு
இரண்டு மழைக்காலம் கதவு இருந்தது.
பிறகு யாரோ பெயர்த்துப் போனார்கள்.
தாராவியில் நாங்கள் ஜோடி ஜோடியாய்ப் போய்வந்தோம்,
ஒருத்தி உள்ளே,
ஒருத்தி துப்பட்டாவை விரித்துக்கொண்டு வெளியே.

அடுத்தது தேர்தலுக்குக் கட்டியது.
சுவரில் கும்பிட்ட கையோடு ஒருவர்.
தண்ணீர் வரவில்லையென்று சொல்லப் போனோம்.
"ஓசியில கெடைச்சா இதுவும் கேப்பீங்க."
நன்றியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
திரும்பி வந்தோம்.

தவசிக்கனியை நல்லவன் என்று சொல்லமாட்டேன்.
பழைய தோல் கிடங்கை எட்டு அறையாகத் தடுத்தான்.
வாசலில் மேசை, ஆளுக்கு மூன்று ரூபாய்.
சில்லறை இல்லையென்றால் மிட்டாய் தருவான்,
அதே மிட்டாயை நாம் நீட்டினால் வாங்கமாட்டான்.

முதல் மாசம் அங்கேயும் நாற்றந்தான்.
எதிர்ச் சந்தில் அன்வர் ஷேக் ஆறு அறை திறந்தார்.
தவசிக்கனிக்கு ஞானம் வந்தது.
ஒரே வாரத்தில் பினாயில், பல்பு, புதுத் தாழ்ப்பாள்.
அன்வர் கண்ணாடி மாட்டினார்.
இவன் பை தொங்கவிடக் கொக்கி அடித்தான்.
அன்வர் விடியவிடியத் திறந்து வைத்தார்.
இவன் ஒவ்வொரு அறையிலும் மூடி போட்ட வாளி வைத்தான்.
எதற்கென்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.
கல்லாக் கணக்கைப் பார்ப்பவள் அவன் மனைவி.

எங்கள்மேல் பிரியமா என்றால்
எங்கள் மூன்று ரூபாய்மேல்.
இருக்கட்டும்.
தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறது.

போன செவ்வாய், ராத்திரி ஒன்றரை.
ஏர்போர்ட்டில் தரை துடைத்துவிட்டு வந்தேன்.
நாலாம் அறையில் பல்பு எரியவில்லை.
"மூணு ரூபா வாங்குறல்ல, இருட்டுக்கா குடுக்கேன்?"
வரிசையே திரும்பிப் பார்க்க
ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.
பம்பாய்க்கு வந்து பதினோரு வருஷம்.
நான் அதட்டி ஒரு ஆள் ஓடியது
அன்றைக்குத்தான்.

ஆனால் மாசக்கடைசியில் பேச்சித்தாய்
டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளப் பக்கம் போகிறாள்.
வீட்டில் ஐந்து பேர், நாளுக்கு இரண்டு தடவை,
பெருக்கிப் பார்த்தால் அரிசி விலை.
கடன் கேட்டாள்.
தவசிக்கனி நோட்டைத் திறக்கவேயில்லை.

நேற்று மேசையில் சில்லறையை வைத்தபடி
அவன் காதில் போட்டுவிட்டேன்:
அன்வர் பாய் மாசச் சீட்டு கொண்டுவரப் போறாராம்,
குடும்பத்துக்கே நூறு ரூபாயாம்.
மிட்டாய் டப்பாவை மூடினான்,
திறந்தான்,
மூடினான்.

பொய்தான்.
எதிர்ச் சந்தில் அன்வரிடமும்
தவசிக்கனி பெயரைப் போட்டு
இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன்,
தொண்ணூறு ரூபாய் என்று.