குறைதீர் அலுவலர்

படிவத்தின் பதினேழாவது கட்டம் கேட்கிறது:
குறைதீர் அலுவலர் பெயர்.
ஆசிரியர் கட்டத்திலும் வெளியீட்டாளர் கட்டத்திலும்
ஏற்கெனவே எழுதிவிட்டேன், சேவுகமூர்த்தி என்று.
மூன்றாம் முறை எழுதும்போது
கூட்டுச் சதி என்று நினைப்பார்களோ என்றிருந்தது.

காரைக்குடி கழனிவாசல் முக்கில்
செல்போன் கடைக்கு மேலே
ஒரு மடிக்கணினி, ஒரு மின்விசிறி,
இரண்டு மாத வாடகை பாக்கி.
இதுதான் ஐயா
உங்கள் படிவம் சொல்லும் செய்தி நிறுவனம்.

கண்மாய்க்குள் லாரி இறங்குவதை
இருதயராஜ் படமெடுத்து வந்தான்.
நம்பர் பிளேட்டில் சேறு பூசிய லாரி.
போட்ட மறுநாளே புகார் வந்தது,
எனக்கு எதிராக, எனக்கே.
பதினைந்து நாளுக்குள் நான் என்னை விசாரித்து
என் விளக்கத்தைப் பெற்று
மேலே அனுப்ப வேண்டும்.
மேலே என்றால் எங்கே என்று போனில் கேட்டேன்.
"சார், அது போர்ட்டல்" என்றார்கள்.

விசாரித்தேன்,
ராத்திரி கீழே கடை மூடிய பிறகு
எதிர் நாற்காலியில் என் பையை உட்கார வைத்து.
கண்மாயை நேரில் பார்த்தாயா?
பார்த்தேன்.
பள்ளத்தை அளந்தாயா?
இறங்கி நின்றேன், தலை மறைந்தது.
சரி, புகார் தள்ளுபடி.
சொல்லும்போது கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது
என் தொண்டையில் சர்க்கார் குரல்.

அந்த மிதப்பில்தான்
பெட்டியில் திறக்காமல் கிடந்தவற்றைத் திறந்தேன்.
விளம்பரம், விளம்பரம், வசவு,
அப்புறம் ஏழு மாதத்துக்கு முந்தைய ஒன்று.
புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்க்கும் பஞ்சவர்ணம்,
யாரையோ தட்டச் சொல்லி அனுப்பியது:
"பைக் திருட்டுல நீங்க போட்ட போட்டோ
என் மகன் விமல்ராஜ்.
திருடுன விமல்ராஜ் வேற.
நாலு தடவை போன் பண்ணுனேன்.
பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துட்டாங்க."

நாலு தடவை.
அப்போது இந்தக் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் மட்டும்
எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

படத்தை நீக்க ஒரு நொடி.
திருத்தம் எழுத மூன்று மணி நேரம்,
நான்கு வரிக்கு.

காலையில் உத்தரவே வந்துவிட்டது:
கண்மாய்ச் செய்தியை
முப்பத்தாறு மணி நேரத்துக்குள் நீக்கவும்.
காரணம் என்ற இடத்தில் ஒரு பிரிவு எண்,
அதற்குள் ஓர் உட்பிரிவு.
கண்மாய் என்ற சொல் எங்குமே இல்லை.

பஸ்ஸில் இருக்கிறேன்.
"புதுவயல் ஒண்ணு" என்றேன் கண்டக்டரிடம்.
இன்னும் முப்பத்து நாலு மணி நேரம் இருக்கிறது.
செய்தியும் இருக்கிறது, எடுக்கவில்லை.
எதிரே மண் ஏற்றிய லாரி ஒன்று
தார்ப்பாய் படபடக்கப் போகிறது.
அந்த அம்மாவிடம்
மூன்றில் எந்தப் பதவியைச் சொல்லி
வாசலில் நிற்பது என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.