ஹீட் நம்பர்

ஜுபைலில் ஒரு இரும்பு யார்டு.
அடையாள அட்டையில் என் வேலை மார்க்கிங் ஃபிட்டர்.
வெட்டுவது மொஸ்தஃபிஸ், பற்றவைப்பது வேறு ஆள்.
நான் கோடு மட்டும்.
சோப்புக்கல்லால் ஒரு கோடு, அதன் மேல்
பஞ்சை வைத்துத் தட்டிய புள்ளிகள்.
வியர்வை சொட்டிக் கோடு போனாலும்
புள்ளி போகாது.

தகட்டின் மூலையில் ஆலைக்காரன் அடித்த எண் இருக்கும்.
எந்த உலை, எந்தக் கொதி என்று சொல்லும் எண்.
வெட்டுவதற்கு முன் அதை
மிச்சத் துண்டிலும் அடித்துவிட வேண்டும்.
செவ்வாய்க்கிழமை மறந்தேன்.

ஹுசாம் டார்ச் அடித்துத் தேடினார்.
"எங்கே?"
அந்தத் துண்டில் இருக்கிறது சார், இது அதன் கூடப்பிறந்தது,
சேர்த்து வைத்துப் பாருங்கள், வெட்டுவாய் பொருந்துகிறது
என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.
"மார்க் இல்லையென்றால் இரும்பே இல்லை."
சிவப்பு ஸ்ப்ரேயில் ஒரு பெருக்கல் போட்டுவிட்டுப் போனார்.
நாலு பேர் தூக்கும் துண்டு,
பிறப்பு தெரியாமல் காயலானில் சேர்ந்தது.

ராத்திரி கேம்ப்பில், மேல்கட்டிலில் படுத்து
ஃபோனில் அந்தச் சொல்லைத் தோண்டினேன்.
கோபம்தான். என்னிடம் பிறப்பு கேட்டதே,
அதன் பிறப்பைப் பார்ப்போம்.

முதலில் அது கோடு இல்லையாம். எண்ணும் இல்லையாம்.
எல்லையாம்.
நம் காடு முடிந்து அடுத்தவன் காடு தொடங்கும் இடம்.
அப்புறம் அந்த இடத்தில் நட்ட கல்.
அப்புறம் கல்லில் கொத்திய கீறல்.
அப்புறம் எந்தக் கீறலும்.
நோட்டுப்புத்தகத்தில் மார்ஜின் விடுகிறோமே,
அது இதற்குத் தூரத்துப் பங்காளி.

கீழ்க்கட்டிலில் பெயின்டர் மார்க் டிமாயுகா.
உன் பேருக்கு எல்லை என்று அர்த்தம், தெரியுமா என்றேன்.
அவனும் தேடினான். இல்லையாம்.
அவன் ரோமாபுரியின் போர்ச்சாமி வகையறா,
செவ்வாய்க்கிரகத்துக்காரன்.
நான் மறந்த கிழமைக்கு உரியவன்.
"ஸ்பெல்லிங் ஒன்று, ஹீட் நம்பர் வேறு"
என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தூக்கம் வராமல் தமிழிலும் போட்டுப் பார்த்தேன்.
குறி.
குறி பார்த்துச் சுடுகிறார்கள், குறி கேட்கப் போகிறார்கள்,
மாட்டுக்குச் சூடு வைத்தாலும் குறி,
குறித்த நாளில் கல்யாணம்,
வகுப்பில் பையன்கள் வாய்பொத்திச் சிரிக்கும் குறி ஒன்று.
ஒரே எண்ணை இத்தனை துண்டில் அடித்துவைத்தவன்
எந்தத் தகட்டை வெட்டப் போனான்?

அப்போது மதிவதனியின் மெசேஜ்:
அப்பா மார்க் வந்துடுச்சு. கணக்கு 41.
எல்லையைத் தாண்டிட்டே கண்ணு, என்று அனுப்பினேன்.
ஒரு கேள்விக்குறி வந்தது.
அதுவும் குறிதான்.

காலை நாலே முக்கால். கேட்டில் விரல் மெஷின்.
வலது கட்டைவிரல்: மீண்டும் முயலவும்.
ஆள்காட்டி: மீண்டும் முயலவும்.
பதினோரு வருஷத்தில் தகடு
கொஞ்சம் கொஞ்சமாக ரேகையை வாங்கிக்கொண்டது.
தரையில் மஞ்சள் பட்டை. இந்தப் பக்கம் நான்,
என் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர்,
அவர்களுக்குப் பின்னால் பஸ், அதற்கும் பின்னால் இருட்டில் கடல்.
சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன்.
மீண்டும் முயலவும்.

"இடது நடுவிரல்" என்றான் மொஸ்தஃபிஸ்.
சேர்ந்த வருஷம் சுத்தியல் இறங்கிய விரல்.
குறுக்கே வெள்ளையாய் ஒரு வடு,
அதற்கு மட்டும் தேய்மானம் கிடையாது.
வைத்தேன்.
மெஷின் கொஞ்சம் யோசித்தது.
பச்சை.

உள்ளே போனதும் முதல் வேலையாக
எண் அச்சுப் பெட்டியைத் திறந்தேன்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அச்சு.
எது மேல், எது கீழ் என்று
பார்த்துப் பிடிக்க வேண்டும்.