கதவு மூடும் நேரம்

நள்ளிரவு. போர்ட்டோ மோனிஸ் கடற்கரையில்
கொம்பு ஊதியதும்
எழுநூறு தலைவிளக்குகள் மலையேறின.
முதல் ஏற்றம் முடிவதற்குள்
எனக்குப் பின்னால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.
பரவாயில்லை.
முப்பத்தோராண்டு மதெய்ராவின் மலைச்சாலையில்
பணிமனைக்குக் கடைசியாகத் திரும்பியது
என் பேருந்துதான்.

"இதற்குக் காசு தருகிறார்களா, அப்பா?" என்றாள் லுசீலியா.
இல்லை, நான்தான் கட்டியிருக்கிறேன்.
அதன்பிறகு அவள் பேசவில்லை;
உப்புப்போட்டு அவித்த உருளைக்கிழங்கைப்
பொட்டலம் கட்டித் தந்தாள்.

அறுபத்து மூன்று வயது.
வலது முழங்காலில் பழுதில்லை.
இடது, கிளட்ச் மிதித்துத் தேய்ந்தது.
ஏற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன்:
கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை எண்ணி,
மெழுகு உருகும் வேகத்தில் ஏறிவிடலாம்.
இறக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.
ஈரப் பலகைப் படிகளில்
இளசுகள் கல்லாய் உருண்டோடிய இடத்தில்
பக்கவாட்டில், நண்டுபோல,
இரண்டாம் கியரில் இறங்கினேன்.

லாரல் காட்டுக்குள் லெவாடா:
முழ அகலக் கால்வாய்,
அதன் விளிம்பில் ஒற்றைக் காலடித் தடம்.
தண்ணீர் எனக்கு எதிர்த்திசையில் போனது.
அதற்கு அவசரமில்லை.
அதன் நெஞ்சில் யாரும் எண் குத்தவில்லை.

மூன்றரை மணிக்கு மூடுபனி.
விளக்கொளி நாலடிக்கு அப்பால் போக மறுத்தது.
அப்போது பார்த்தேன்,
தடத்தோரம் வரிசையாய் ஆட்கள்.
கூடையோடு ஒருவர், குடையோடு ஒருவர்,
கை நீட்டியபடி.
காலை ஊன்றி நின்றுவிட்டேன்.
"எங்கே போகணும்?" என்று கேட்டும்விட்டேன்.
முறுக்கிய கிளைகள். பாசி. சொட்டும் நீர்.

ஒருத்தி மட்டும் கலையவில்லை.
செர்ரா த அக்வா நிறுத்தம், மழை, காலை ஆறு நாற்பது.
ஏப்ரன் கட்டிய பெண் சரிவில் ஓடிவந்தாள்,
கையை ஆட்டிக்கொண்டு.
நான் நேரம் தவறாதவன்.
கதவை மூடினேன்.
பக்கக் கண்ணாடியில் அந்தக் கை
சிறுத்து, சிறுத்து,
வளைவில் மறைந்தது.
அன்று அவள் எதைத் தவறவிட்டாளோ, கேட்டதில்லை.
மறுநாளும் ஏறினாள்.
சில்லறை சரியாகத் தந்தாள்.

விடிந்தபோது பின்னால் பேச்சுச் சத்தம்.
டெலியோவும் வானியாவும்:
முதுகுப்பையில் துடைப்பம் செருகிய பிள்ளைகள்,
கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து
பாதையைப் பெருக்கி முடிப்பவர்கள்.
என்னை அவசரப்படுத்தக் கூடாதென்று
தள்ளியே வந்தார்கள்,
கால்பந்து பேசிக்கொண்டு.
அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை.
ஓடினேன்.

குர்ரால் தாஸ் ஃப்ரெய்ராஸ்.
மலைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிய ஊர்.
பதினொரு மணிக்கு மூடும் சாவடி.
கடைசி வளைவில் தேவாலய மணி கேட்டது.
எண்ணவில்லை.
மேசைக்குப் பின்னால் நின்ற அம்மாள்
என்னை ஒரு மாதிரி பார்த்தபிறகுதான் தெரிந்தது,
நான் கையை ஆட்டிக்கொண்டு வருகிறேன் என்று.

பதினொன்று நாலு.
"மன்னியுங்கள், சென்ஹோர் காசிமிரோ."
என் எண்ணிலிருந்த சில்லைக் கத்தரித்தாள்.
அவள் செய்தது சரி.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
செய்தேன்.
கஷ்கொட்டை சூப் கொடுத்தாள். சூடாக இருந்தது.

விலகியவர்களை ஏற்றிப்போக ஒரு பேருந்து.
பழக்கத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன்.
ஓட்டுநன் சின்னப் பையன்.
கடிகாரத்தைப் பார்த்தான், பொத்தானை அழுத்தினான்.
பாதிக் கதவு மூடியிருந்தது.
கண்ணாடியில் இருவர் ஓடிவந்தார்கள்,
தலைக்குமேல் துடைப்பங்கள் ஆட.
"பொறு" என்றேன்.
"நேரமாகிவிட்டது, பெரியவரே."
"தெரியும். பொறு."

முதலில் துடைப்பக் காம்பு கதவில் இடித்து உள்ளே வந்தது.
பிறகு வானியா, பிறகு டெலியோ, பிறகு சேற்று வாடை.
வண்டி கிளம்பியது.
ஊசிவளைவுதோறும் என் இடதுகால்
அங்கே இல்லாத கிளட்சை மிதித்தது.
மிதித்தபோதெல்லாம் வலித்தது.
காலை எடுக்கவில்லை.